மூன்று தடவை வந்து அழுதவர்

அத்தியாயம் 6

நாடாளுமன்ற உறுப்பினர் ஜங்கராச் இறந்த செய்தி, அவர் இறப்பதற்கு முன்பே தொலைக்காட்சியில் வந்துவிட்டதாம். எதிலும் முந்திக்கொண்டு போய் நின்றே பழக்கப்பட்ட மனிதர் என்பதால், எங்கள் நாரின் மலை மாவட்டத்து ஜனங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசு வழக்கறிஞர்தான் எடுத்துக்கொண்டார்.

அவர் கட்டிய வழக்கு இது. முந்தாநாள் ஜங்கராச் தன் சொந்த ஊரில், தன் கட்டிலில் சாய்ந்தபடி மதியச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மாவட்டத்துச் சின்னச் சேனல் ஒன்றில் பெர்மெத் என்ற பெண் தோன்றி, "ஜங்கராச் காலமானார்" என்றாள். டிவியில் சொன்னதை ஜங்கராச் ஒருநாளும் மறுத்ததில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காலமானார். ஆகவே பொய்ச் செய்திதான் ஆயுதம், வாசித்தவள்தான் கொலையாளி.

"இந்தக் கேஸ் மட்டும் ஜெயிச்சா, நம்ம ஊர்ல வானிலை அறிக்கை வாசிக்கிறவனுக்குத் தூக்கு நிச்சயம், தங்கச்சி" என்றேன், காரை மேட்டில் ஏற்றியபடி.

பக்கத்தில் இருந்த சுர்மாகான் சிரிக்கவில்லை. துப்பறியும் சுர்மாகானின் சிரிப்பு வழக்கு முடிந்த பிறகுதான் வரும். சில வழக்குகளில் வருவதேயில்லை. நான் எசென்கூல். வயதில் அவளுக்கு மூத்தவன், வேலையில் இளையவன். அவள் யோசிப்பாள், நான் காரை ஓட்டிக்கொண்டு பேசுவேன். இரண்டு பேரும் யோசித்தால் பெட்ரோல் வீண் என்பது என் கட்சி.

"அடக்கம் எப்போண்ணே?"

"மதியத் தொழுகை முடிஞ்சதும். அது முடிஞ்ச கையோட அந்தப் பொண்ணை ஜீப்ல ஏத்தி நகரத்து ஜெயிலுக்குக் கொண்டுபோயிடுவாங்க. அப்புறம் யாரு பேசறது? ஜங்கராச் மண்ணுக்குள்ள இருப்பார், அவ கம்பிக்குள்ள இருப்பா, வழக்கறிஞர் பதவி உயர்வுல இருப்பார்."

எங்களை அமர்த்தியது பெர்மெத்தின் அப்பா. தேனீ வளர்ப்பவர். பின்சீட்டில் ஒரு வாளித் தேனை வைத்துவிட்டு, "எம்பொண்ணு பொய் சொல்ல மாட்டா. அதனாலதான் அவளுக்குப் பெரிய சேனல்ல வேலை கிடைக்கல" என்று மட்டும் சொல்லிப் போனார்.

வானொலியைத் திருப்பினேன். இரண்டு நாளாக நாடு முழுக்க ஒரே குரல்தான்: ஜங்கராச்சின் மனைவி வைத்த ஒப்பாரி.

*உப்புப் போட்டுப் பாலு ஊத்தி*
*ஊத்தித் தந்தேன் கிண்ணத்திலே*
*வாங்கிக் குடிச்ச மகராசா*
*கிண்ணம் திருப்பித் தரலையே…*

பின்னாலேயே தலைநகரத்துப் பேராசிரியர் ஒருவர் வந்தார். கிண்ணம் என்பது மக்கள் கொடுத்த அதிகாரம், பால் என்பது தாய்நாடு, உப்பு என்பது உழைப்பாளியின் வியர்வை என்று விளக்கினார். எங்கள் பக்கத்தில் உப்பும் பாலும் சேர்ந்தால் டீ; அவர் தேயிலையை மட்டும் விட்டுவிட்டார். அதற்கு அடுத்த நிகழ்ச்சியில் நேரம் ஒதுக்கியிருப்பார்கள்.

"சத்தத்தைக் கூட்டுங்கண்ணே" என்றாள் சுர்மாகான்.

"ஏன், பிடிச்சிருக்கா?"

"அந்தம்மா ரெண்டு நாளா இந்த ஒரு அடியை மாத்தவேயில்ல. ஒப்பாரி வைக்கிறவங்க அடிக்கு அடி மாத்துவாங்க. இது மட்டும் அப்படியே வருது."

---

ஜங்கராச் வீட்டு வாசலில் சாவுக்கு வந்த குதிரைகளைவிடக் கேமராக்கள் அதிகம். முற்றத்தில் வெள்ளைக் கம்பளிக் கூடாரம். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஜங்கராச். கூடாரத்துக்கு வெளியே கம்பு ஊன்றி, குனிந்து நின்றவன் மூத்த மகன் துருஸ்பெக். அவன் அழுகை மட்டும் கேமரா இல்லாத பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் சுர்மாகானின் புருவம் கொஞ்சம் ஏறியது.

அந்த நேரம் ஒரு பெரியவர் கேட்டிலிருந்து கதறியபடி ஓடிவந்தார். எங்கள் வழக்கப்படி இடுப்பில் இரண்டு கையும் வைத்து, முன்னால் சாய்ந்து, "என் மலையே, சாஞ்சிட்டியே!" என்று கூடாரம்வரை வந்து, மகனைக் கட்டிக்கொண்டு ஓய்ந்தார். கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு டிவி இளைஞன் அவரிடம் போனான்.

"தாத்தா, பிரமாதமா அழுதீங்க. மேகம் மறைச்சிடுச்சு. இன்னொரு தடவை கேட்லேருந்து வர்றீங்களா?"

"எதுக்குடா?"

"அழறதுக்குத்தான்."

"அதான் அழுதாச்சே."

"கேமராவுக்காக, தாத்தா. அதே மாதிரி."

"ஏண்டா தம்பி, உங்க ஊர்ல ஒரே ஆளுக்கு ரெண்டு குழி வெட்டுவீங்களோ? ஒரு சாவுக்கு ஒரு தடவைதான் வந்து அழணும். ரெண்டாவது தடவை வந்து அழுதா, ரெண்டாவது சாவு வந்து நிக்கும். போ அந்தண்டை!"

பெரியவர் கம்பை ஓங்கினார். இளைஞன் மேகத்தை மன்னித்துவிட்டான்.

அடுத்து வந்தவர் மாவட்டத் தலைவர் ஓரஸ்பாய். அழுகையில் எங்கள் மாவட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. போடாத சாலைக்காக அவர் ஒருமுறை மேடையில் அழுத அழுகையைப் பார்த்து, ஜனங்கள் சாலையையே மன்னித்துவிட்டார்கள். கேட்டில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மேகம் விலகும்வரை பொறுத்தார். பிறகு கதறியபடி வந்தார். இளைஞன் கட்டை விரலை உயர்த்தினான்.

"இவர் இன்னைக்குத்தான் முதல்ல வர்றாரா?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாள் சுர்மாகான்.

"ஆமாம்மா. தலைநகரத்துல ஏதோ கூட்டமாம். சேதி கேட்டு நேரா வர்றார்."

"பாவம்" என்றாள் சுர்மாகான். அவள் பாவம் என்றால் யாருக்கோ கெட்ட நேரம்.

---

பெர்மெத்தைக் கிராம அலுவலகத்தில் உட்கார வைத்திருந்தார்கள். காவலுக்கு ஒரு இளம் போலீஸ்காரர். அவர் முகத்தில் பசி தவிர வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து நான் கொண்டுபோன பொரித்த ரொட்டியையும் குதிரைக் கறியையும் மேஜையில் வைத்ததும், சட்டம் கொஞ்சம் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டது.

"நான் பொய் சொல்லலக்கா" என்றாள் பெர்மெத். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் செய்தி வாசிப்பது போலவே நிதானமாக வந்தது. "ஆட்டுக்குத் தடுப்பூசி போடுறதைப் படம் எடுக்கப் போய்க்கிட்டிருந்தேன். வழியில இந்த முற்றத்துல கூடாரம். ஆம்பளைங்க இடுப்புல கை வச்சு 'ஜங்கராச் அண்ணே, எங்க மலையே'ன்னு கதறிக்கிட்டு வர்றாங்க. உள்ள திரை கட்டியிருக்கு. கேட்ல நின்னு எடுத்தேன், ஓடிப்போய் நானே செய்தியும் சொல்லி அனுப்பினேன்."

"யாரையும் கேட்கலையா?"

"கதறுற வீட்டு வாசல்ல நின்னு 'செத்துட்டாரா?'ன்னு கேட்பீங்களா நீங்க?"

கேட்க மாட்டோம். எங்களில் யாரும் கேட்க மாட்டோம். கேட்டவனைக் குதிரையோடு சேர்த்துத் துரத்துவார்கள்.

"ஆனா துருஸ்பெக் என்ன சொல்றார் தெரியுமாக்கா? அந்தக் கூடாரம் பேரனோட விருந்துக்குப் போட்டதாம். அழுகை நான் வேற எங்கேயோ எடுத்து ஒட்டினதாம். அப்பா கட்டில்ல படுத்து நான் சொன்னதைப் பார்த்துத்தான் செத்தாராம்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ராத்திரியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டிருக்கேன். நிஜமாவே நான்தான் கொன்னுட்டேனாக்கா?"

சுர்மாகான் போலீஸ்காரர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இந்தப் பொண்ணோட கேமரா எங்கே?"

"இந்த அலமாரியில, அக்கா."

"அதுல இருக்கிறதை யாராவது பார்த்தாங்களா?"

"பொய்னு முடிவான படத்தை எதுக்குப் பார்க்கணும்னு வழக்கறிஞர் சொல்லிட்டாரு."

"நியாயம்தான். நீங்க பார்க்கிறீங்களா? சாப்பிட்டுக்கிட்டே பார்க்கலாம்."

போலீஸ்காரர் எலும்பைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். இரண்டையும் ஒரே கையால் சமாளித்தார்.

சின்னத் திரையில் படம் ஓடியது. முற்றம். கூடாரம். கம்பு ஊன்றிய மகன்கள். கேட்டிலிருந்து ஒருவர் கதறிக்கொண்டு வந்தார்.

"இது மாவட்டத் தலைவராச்சே!" என்றார் போலீஸ்காரர். "அன்னைக்குத் தலைநகரத்துல இருந்தாரே?"

"தொடர்ந்து பாருங்க."

ஓரஸ்பாய் கூடாரத்தை அடைந்தார், ஓய்ந்தார், மூக்கைத் துடைத்தார். யாரோ அவரிடம் ஏதோ சொன்னார்கள். அவர் தலையாட்டிவிட்டு நிதானமாகக் கேட்டுக்கே திரும்பிப் போனார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி இடுப்பில் கை வைத்தார். மறுபடி கதறிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை இன்னும் நன்றாக இருந்தது.

"துக்கம் தாங்காம திரும்பி வந்தார்னு நினைச்சேன்" என்றாள் பெர்மெத்.

"தங்கச்சி, எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றேன் நான். "ஜங்கராச் அதுக்கு முன்னாடியே போயிட்டார். குடும்பம் நேரத்தை மாத்திச் சொல்லுது. இன்னைக்கு இந்த ஆள் வந்து அழுதது மூணாவது தடவை."

"பாதி சரிண்ணே. கூடார வாசலைப் பாருங்க. திரை ஓரம்."

படத்தைப் பின்னால் தள்ளி ஓட்டினாள். முதல் அழுகை நடந்துகொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனைவியின் கை பின்பக்கமாக நீண்டது. கையில் ஒரு டீக் கிண்ணம். திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு கை வந்து வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கிண்ணம் காலியாக வெளியே வந்தது.

போலீஸ்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

"செத்தவங்களுக்கு நாம ரொட்டி பொரிச்சு வாசனை காட்டுவோம்" என்றேன் மெதுவாக. "டீ குடுக்கிற வழக்கம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. குடிச்சிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் செத்தவங்களுக்கும் இல்ல."

"திரைக்குப் பின்னாடி உயிரோட யாரோ இருந்திருக்காங்க" என்றாள் சுர்மாகான். "யாருன்னு தெரியணும். தம்பி, குளிப்பாட்டியாச்சா?"

"காலையிலேயே ஆச்சு, அக்கா."

"அப்போ உடுப்புக் கைமாறியிருக்கும். வாங்கண்ணே."

---

இறந்தவரைக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு இறந்தவரின் உடுப்பு. கடைசியாக உடம்பில் இருந்தது, குளிப்பாட்டியவர்களில் மூத்தவருக்கு. இது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கட்டிலில் செத்தவருக்கு என்ன உடுப்பு இருக்கும்? ஒரு பனியன், ஒரு கம்பளிக் காலுறை. சண்டை போட்டு வாங்கும் அளவுக்கு ஒன்றும் இருக்காது.

பக்கத்து வீட்டு முற்றத்தில் அண்டாக்களுக்கு நடுவே ஜங்கராச்சின் சம்பந்தி கென்ஜெபாய் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் கருநீல மேலங்கி. காலர் முழுக்கத் தங்கச் சரிகை. மார்பில் நாடாளுமன்றச் சின்னம் மின்னியது. கக்கத்தில் பளபளக்கும் ஒரு ஜோடி பூட்ஸ்.

"வாழ்த்துகள், சம்பந்தி" என்றேன். "எப்போ எலெக்‌ஷன்ல நின்னீங்க?"

"கிண்டல் பண்ணாதே, எசென்கூல். வயித்தெரிச்சல்ல இருக்கேன். பொண்ணைக் கட்டிக் குடுத்த வீடு, மூத்தவன்னு மரியாதை, எல்லாம் சரி. உடுப்பைப் பாரு!" மேலங்கியின் முன்பக்கத்தை விரித்துக் காட்டினார். சரிகையிலிருந்து வயிறுவரை வெளுத்த ஒரு கறை. "டீ! பால் டீ! கூடாரத்துல மாட்டி வச்ச இடத்துலயே காய்ஞ்சு கெட்டியாயிடுச்சு. இதைப் போட்டுக்கிட்டு நான் எந்தக் கல்யாணத்துக்குப் போறது?"

சுர்மாகான் குனிந்து கறையை மோந்து பார்த்தாள். "உப்பு டீ."

"பின்னே? சர்க்கரை போட்டுக் குடிக்க நாம என்ன வெளியூர்க்காரங்களா?"

"இது அவர் சாகும்போது போட்டிருந்ததுன்னு நிச்சயமா தெரியுமா, அண்ணே?"

"என்னம்மா கேள்வி? வழக்கம் தெரியாதா எனக்கு? அந்த வீட்டம்மாவே தன் கையால எடுத்துக் குடுத்தாங்க. 'உடம்புலேருந்து கழட்டினது இதுதான், இந்தப் பூட்ஸும்தான்'னாங்க. அதைச் சொல்றப்போ துருஸ்பெக் தடுக்கத் தடுக்கச் சொன்னாங்க. பழசைக் குடுத்து ஏமாத்தலாம்னு பார்த்தான் பையன். விடுவேனா?"

"படுக்கையில பூட்ஸ் போட்டுக்கிட்டுத் தூங்குற மனுஷன்" என்றேன். "சின்னம் வேற குத்தியிருக்கார். கனவுல சபை கூடியிருக்கும்."

கென்ஜெபாய் சின்னத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் நினைச்சேன்" என்றார் கடைசியில். "பெரிய மனுஷங்க எப்படித் தூங்குவாங்கன்னு நமக்கென்ன தெரியும்?"

---

கூடாரத்துக்குள் நான் போக முடியாது; சுர்மாகான் போனாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் முறைப்படி ஒரு அழுகை அழுதாள். சுமாராகத்தான் இருந்தது. பிறகு மனைவியின் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஒரே கேள்வி கேட்டாள்.

"அம்மா, ரெண்டாவது தடவை குடுத்த கிண்ணத்தை ஏன் திரும்ப வாங்கல?"

ஒப்பாரி நின்றது. நேரலை ஒலிவாங்கியைப் பிடித்திருந்த பெண் பதறிப்போய்க் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தாள்.

அந்தம்மா சுர்மாகானின் காதருகே குனிந்தார். பிறகு சொன்னது எனக்குக் கேட்கவில்லை. சுர்மாகான் திரைக்குப் பின்னால் போய்க் கம்பளி விரிப்பின் ஓரத்துக்கு அடியில் கையை விட்டாள். ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து, அந்தம்மா கையில் வைத்தாள். அவர் அதை மடியில் போட்டு மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

காருக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒத்திகைண்ணே."

"எதுக்கு ஒத்திகை?"

"அவரோட சாவுக்கு. போன மாசம் பக்கத்துப் பள்ளத்தாக்கு எம்.பி. செத்தப்போ நாலு சேனல் வந்துச்சே, நேரலை, வானத்துலேருந்து படம். ஜங்கராச்சுக்கு அன்னைக்கிலேருந்து தூக்கமில்ல. தன்னோட சாவை யார்கிட்டேயும் நம்பி விட முடியாதுன்னு அவரே நடத்திப் பார்த்திருக்கார். கூடாரம், திரை, அழறதுக்கு ஆள். திரைக்குப் பின்னாடி உடுப்புப் போட்டுப் படுத்தது அவரேதான். அந்தம்மா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. யார் கேட்டா?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டீயில ஏதாவது…?"

"அதே கெட்டில்லேருந்து எல்லாரும் குடிச்சாங்க. நெஞ்சு ஏற்கெனவே கெட்டுப்போன மனுஷன். முதல் கிண்ணம் குடிச்சார், ரெண்டாவது கிண்ணம் மேலங்கியில கொட்டிடுச்சு. படத்துல ரெண்டாவது அழுகையைப் பாருங்க. கிண்ணம் உள்ள போகுது, திரும்பி வரல."

"இதை வழக்கறிஞர்கிட்டச் சொன்னா…"

"கறைக்கு ஒரு காரணம் சொல்வார், படத்துக்கு ஒரு காரணம் சொல்வார். மகன் வாயால வரணும். அவன் வாயைத் திறக்கிற இடம் ஒண்ணுதான் இருக்கு. அங்கே நான் வர முடியாது." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் பேசணும். கிண்டல் இல்லாம."

"கிண்டல் இல்லாம எப்படிப் பேசறதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தரலையே, தங்கச்சி."

"வழியில கத்துக்கோங்க."

---

ஊருக்கு வெளியே புல்வெளியில் ஆண்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். முன்னால், விரிப்பில் சுற்றிய ஜங்கராச். அவருக்கு முன்னால் இமாம். சுற்றிலும் கேமராக்கள். தலைக்குமேல் இரண்டு ட்ரோன்கள் வண்டு போல ரீங்காரமிட்டன. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரருக்கு ஒன்றுதான் வந்தது, இவருக்கு இரண்டு. ஆசைப்பட்டதை அடைந்துவிட்டார்.

தொழுகைக்கு முன் இமாம் கேட்டார்: "ஜங்கராச் எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்!" என்றது கூட்டம். எல்லாருக்கும் அதைத்தான் சொல்வோம். யாருக்கும் அதற்குமேல் கேட்கும் தைரியம் இருந்ததில்லை.

பிறகு முறைப்படி மூத்த மகன் முன்னால் வந்தான். துருஸ்பெக்கின் உதடு வெடித்திருந்தது. கண் உண்மையாகவே வீங்கியிருந்தது.

"எங்கப்பா யாருக்காவது ஏதாவது பாக்கி வச்சிருந்தா இப்பவே சொல்லுங்க. அந்தக் கடன் இனி என்னோடது. நான் தீர்க்கிறேன்."

இந்த இடத்தில் யாரும் பேச மாட்டார்கள். பேசினால் தீர்த்துவிட்டுத்தான் மண்ணில் இறக்க முடியும் என்பது விதி. ஆனாலும் கேட்பார்கள், ஆனாலும் மௌனம் காப்பார்கள்.

"ஒரு பாக்கி இருக்கு" என்றேன்.

கேமராக்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. முதல் வரிசையில் நின்ற ஓரஸ்பாய், என்னை அழவைக்கப் போகிறவர் போலப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றான் துருஸ்பெக்.

"ஒரு வார்த்தை. பெர்மெத்னு ஒரு பொண்ணுக்கு."

அவன் கம்பு மண்ணில் கொஞ்சம் இறங்கியது. "இது அதைப் பேசற இடமில்ல, பெரியவரே."

"இதைவிட்டா வேற இடமில்ல, தம்பி. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். அந்தப் பொண்ணு மதியச் செய்தியில சொன்னப்போ, உங்கப்பா உயிரோட இருந்தாரா?"

இரண்டாவது வரிசையில் தங்கச் சரிகை மேலங்கியோடு நின்ற கென்ஜெபாய், மேலங்கியைக் குனிந்து பார்த்தார். டீக் கறையைப் பார்த்தார். பிறகு பூட்ஸைப் பார்த்தார். அவருக்கு உறைத்துவிட்டது. அந்த ஊர் ஆண்களில் ஐந்தாறு பேர் தங்கள் கால் விரல்களை ஆராய ஆரம்பித்தார்கள். அவர்களெல்லாம் அன்றைக்கு அழுதவர்கள்.

"ஓரஸ்பாய் ஐயாவைக் கேளுங்க" என்றேன். "அவர் எத்தனை தடவை வந்து அழுதார்னு படமே இருக்கு. போலீஸ்காரத் தம்பியும் பார்த்திருக்கார்."

மாவட்டத் தலைவர் வாயைத் திறந்தார். எங்கள் மாவட்டத்தின் வரலாற்றில் முதல்முறையாக அவரிடமிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

இமாம் துருஸ்பெக்கைப் பார்த்தார். "பதில் சொல்லுப்பா. மண்ணு காத்துக்கிட்டிருக்கு. உங்கப்பாவும் காத்துக்கிட்டிருக்கார்."

துருஸ்பெக் கேமராக்களைப் பார்க்கவில்லை. விரிப்பில் சுற்றியிருந்ததைப் பார்த்துப் பேசினான்.

"அவர்தான் செய்யச் சொன்னார். வேண்டாம்னு கால்ல விழுந்தேன். அம்மாவும் அழுதாங்க. கேட்கல. முதல் தடவை நாங்க அழுதப்போ திரைக்குப் பின்னாடியிருந்து திட்டினார். 'இதென்ன அழுகை, ஆடு தொலைஞ்ச மாதிரி! இன்னொரு தடவை, கேட்லேருந்து வாங்க'ன்னார். வந்தோம். இன்னும் சத்தமா அழுதோம். ரெண்டாவது தடவை அவர் திட்டல."

நிறுத்தினான். கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பிடிச்சுப்போச்சுன்னு நினைச்சோம். இன்னும் கொஞ்ச நேரம் அழுதுகிட்டே இருந்தோம். சந்தோஷமா அழுதோம். திரையை விலக்கினப்போ, பக்கத்து வீட்டு டிவியில அந்தப் பொண்ணு ஏற்கெனவே சொல்லி முடிச்சிட்டா."

"உயிரோட இருந்தாரா?" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது.

"இல்ல."

கூட்டத்தில் ஒரு பெரியவர் முனகினார்: "ரெண்டு தடவை அழுதீங்களேடா. கூப்பிட்டீங்களேடா." வாசலில் கம்பை ஓங்கியவர் அவர்தான். துருஸ்பெக் தலையைத் தாழ்த்திக்கொண்டான். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பத் துணிந்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தகப்பனை அழுது கொன்றவன் என்ற பெயரோடு எங்கள் மலைகளில் யாரும் வாழ முடியாது.

கிண்டல் கூடாது என்று சுர்மாகான் சொல்லியிருந்தாள். முடிந்தவரை பார்த்தேன்.

"பெரியவரே" என்றேன், "அழுது கூப்பிட்டா சாவு வரும்னா, ஓரஸ்பாய் ஐயா மேடை ஏறுற ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்த மாவட்டம் காலியாயிருக்கணும். ஜங்கராச்சுக்கு நெஞ்சு சரியில்ல. அவ்வளவுதான். பையன் அப்பா சொன்னதைக் கேட்டான்."

யாரோ சிரித்து, இருமலாக்கினார்கள். பெரியவர் வரிசையிலிருந்து விலகிப்போய் துருஸ்பெக்கின் தோளைத் தொட்டார். இமாம் கையை உயர்த்தினார். "கடன் தீர்ந்தது. வரிசையில நில்லுங்க, தொழுவோம்."

ஜங்கராச் மண்ணில் இறங்கியதும், கழுத்துத் துண்டு இளைஞன் துருஸ்பெக்கிடம் ஓடினான்.

"அண்ணே, ரொம்ப உருக்கமா இருந்துச்சு. ஆனா ட்ரோன் சத்தத்துல உங்க குரல் சரியா பதியல. அந்த 'இல்ல'யை மட்டும் இன்னொரு தடவை…"

துருஸ்பெக் தன் கம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனான்.

---

திரும்பும் வழியில் பெர்மெத் பின்சீட்டில், தேன் வாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கேமராவை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். போலீஸ்காரர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் கறியின் எண்ணெய்க் கறை இருந்ததற்காக மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். ஜீப் வரவில்லை. வழக்கறிஞருக்குத் தலைநகரத்தில் ஏதோ கூட்டமாம்.

"அப்போ நான் கொல்லல" என்றாள் பெர்மெத்.

"நீ சொன்னப்போ அவர் செத்திருந்தார்" என்றாள் சுர்மாகான், திரும்பாமல். "கட்டில்ல செத்தார், தூக்கத்துல செத்தார், டிவி பார்த்துச் செத்தார்னு ரெண்டு நாளா எல்லாச் சேனலும் சொல்லிச்சு. இந்தச் சாவைப் பத்தி வந்ததுலயே உன் செய்தி ஒண்ணுதான் நிஜம்."

பெர்மெத் அழுதாள். கேட்டும் இல்லை, கேமராவும் இல்லை, யாரும் கட்டைவிரல் உயர்த்தவும் இல்லை. நான் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவைத்தேன்.

மேடு இறங்கும்போது வானொலியைத் திருப்பினேன். அடக்கத்துக்குப் பிந்திய ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது. அதே அம்மாவின் குரல். மலை இருந்தது, குதிரை இருந்தது, பனி உருகும் ஓடை இருந்தது. உப்பும் பாலும் கிண்ணமும் இல்லை.

பின்னாலேயே பேராசிரியர் வந்தார். இன்றைய ஒப்பாரியில் கிண்ணம் ஏன் இல்லை என்பதற்கு அவரிடம் ஆழமான ஒரு விளக்கம் இருந்தது.

"அணைச்சிடுங்கண்ணே" என்றாள் பெர்மெத்.

அணைத்தேன். பக்கத்து சீட்டில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது.